மூன்று தலை அசைந்தால் போதும்

வெள்ளைக்காரன் எங்களுக்குத் தந்துவிட்டுப்போன சீதனங்களில் தேத்தண்ணிக்கு அடுத்தபடி ருசியானது ஜூரி. 1811இல் பிரதம நீதியரசர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் அதைக் கொண்டுவந்தார். ஒருவனை அவனுடைய சனமே விசாரிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். சனத்தோடு சண்டை பிடித்துத்தானே நாங்கள் கோட்டுக்கே போகிறோம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தொடக்கத்தில் சாதி பார்த்து ஜூரிமாரைப் பொறுக்கினார்கள். அந்தக் கலையை எங்களுக்குச் சொல்லித்தர லண்டனிலிருந்து ஆள் வரவேண்டியிருக்கவில்லை.

ஆரம்ப வழக்கொன்றில் ஒரு பிராமணர் மீது கொலைக் குற்றம். ஜூரியிலும் பதின்மூன்று பிராமணர்கள். சாட்சியம் எல்லாம் கச்சிதமாக இருந்த நேரத்தில் ஜூரியில் ஓர் இளைஞர் எழும்பி, சாட்சிகளைத் தானே குறுக்குக் கேட்டு, ஆதனத்துக்காகச் சோடித்த வழக்கு என்று காட்டிவிட்டாராம். ஜோன்ஸ்டன் இதைப் பெருமையோடு எழுதிவைத்தார். அப்புக்காத்துமார் வாசித்திருந்தால் வயிறு எரிந்திருப்பார்கள்.

பின்னாளில் பதின்மூன்று ஏழாகியது. தீர்ப்புக்குக் குறைந்தது ஐந்து பேர் ஒத்துப்போக வேண்டும். எதிரிக்காக வாதாடுகிறவரின் கணக்கு இதிலே பிறந்தது. ஐந்து பேரைப் பிடித்தால் விடுதலை. மூன்று பேரைக் குழப்பினாலே குற்றவாளி என்ற சொல் வராது. சட்டப் புத்தகத்தைவிட ஏழு முகங்களைப் படிப்பது இலாபம்.

அந்தக் காலத்துத் தீவு வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுந்தீவில் கல்வேலி ஒரு முழம் நகர்ந்திருக்கும். அதில் ஒரு தலை உருண்டிருக்கும். ஊர்காவற்றுறைக் கோட்டில் முதல் விசாரணை, பிறகு யாழ்ப்பாணத்தில் சுப்ரீம் கோடு. இடையில் சாட்சி பல தரம் கடல் கடப்பான், ஒவ்வொரு தரமும் கதையும் கொஞ்சம் கடல் கடக்கும். 'ஊர்காவற்றுறையில ஒண்டு சொன்னீர், இஞ்ச ஒண்டு சொல்லுறீர்' என்ற ஒரே வசனத்தில் வீடு கட்டிய அப்புக்காத்துமார் உண்டு.

எந்த மொழி ஜூரி என்பதை எதிரி தெரிவுசெய்யலாம். இங்கிலிஷ் ஜூரி கேட்டால் மலாயன் பென்சனியரும் கச்சேரிக் கிளாக்கரும் ரை கட்டி வந்து குந்துவார்கள். சாட்சி தமிழில் தூஷணம் சொல்வான். ஏழு பேருக்கும் விளங்கும். ஒருவரும் சிரிக்கக் கூடாது. மொழிபெயர்க்கும் முதலியார் அதை இங்கிலிஷில் குளிப்பாட்டிக் கொடுத்த பிறகுதான் முகம் சுளிக்கலாம்.

குறுக்குக் கேள்வி இப்படிப் போகும்:

'இருட்டில ஆளை எப்பிடித் தெரிஞ்சது?'

'நல்ல நிலவு, ஐயா.'

அப்புக்காத்து அவசரப்படாமல் வாக்கிய பஞ்சாங்கத்தைப் பிரிப்பார். அன்று அமாவாசை.

'இல்லை ஐயா, குரல்...'

'குரலைக் கண்டனீரோ?'

பென்சனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவருக்குப் பக்கத்தில் இரண்டு தலை அசையும். மூன்று சரி. செத்தவன் உண்மையில் எப்படிச் செத்தான் என்பது நெடுந்தீவுக் குதிரைகளுக்கும் தெரியும். பஞ்சாங்கத்தில் மட்டும் இராது.

ஜூரி இன்னும் சாகவில்லை. 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாரிய குற்றங்களில் எதிரி விரும்பிக் கேட்டால் மட்டும் ஜூரி. யாழ்ப்பாணத்து நாடாளுமன்ற உறுப்பினரும் சட்டத்தரணியுமான நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கடற்படையினரான எதிரிகள் சிங்களம் பேசும் ஜூரி கேட்டார்கள், கிடைத்தது. 2016 டிசம்பர் 24, நள்ளிரவு தாண்டிய பிறகு ஜூரி எல்லா எதிரிகளையும் விடுவித்தது. மொழியும் ஜூரியும் தெரிவுசெய்யும் உரிமை எதிரிக்கு உண்டு; கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்குச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை.