உடைத்தால்தான் உருக்கலாம்

உடைந்த க்ரேயானை உருக்கி, நட்சத்திர அச்சில் ஊற்றிப் புது க்ரேயான் செய்வதுதான் திருச்சானூர் அடுக்ககங்களில் இந்தக் கோடையின் ஞானமார்க்கம். வரவேற்க வேண்டியதே. கோயிலில் சூட்டிக் களைந்த பூவையே 2021இல் ஊதுவத்தியாக்கி விற்கத் தொடங்கியது திருப்பதி தேவஸ்தானம். நம் வீட்டு மெழுகு மட்டும் வீணாகலாமா?

1903இல் க்ரேயோலா எட்டு நிறங்களை ஐந்து சென்ட்டுக்கு விற்றபோது, உடைந்தாலும் துண்டை வைத்து வரைந்துகொள்வார்கள் என்று நினைத்திருப்பார்கள். பாவம்.

செலவும் அதிகமில்லை. சிலிக்கான் அச்சு, ஓவன், மேலிருந்து படமெடுக்க ஒரு ஸ்டாண்டு. பத்து ரூபாய் க்ரேயான் மிச்சம். போதிய துண்டுகள் இல்லையென்றால் புதுப் பெட்டி வாங்கி உடைக்கலாம். "இரு கண்ணா, இன்னும் கேமரா ஆன் பண்ணல!"

காகித உறையை உரிக்கையில் நகக்கண்ணில் ஏறும் பச்சை மெழுகு, சாம்பார் சாதம் வரை கூட வரும். அது அனுபவக் கல்வி. எல்லா நிறமும் கலந்து சேற்று நிறமானால், சமத்துவக் கல்வி.

பாரஃபின் மெழுகு பெரும்பாலும் 60 டிகிரிக்குள் உருகிவிடும். "மொட்டை மாடி வெயில்ல வெச்சாலே இளகிடுமேம்மா" என்றார் ஒரு பாட்டி. காசில்லாத வழியில் கற்க என்ன இருக்கிறது? அவரை உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள்.

நட்சத்திரம் ஷோகேஸில் ஏறியது, தொட்டால் அடி. வரைய ஆசைப்பட்ட பிள்ளையோ, சோபாவுக்கடியில் தப்பிக் கிடந்த சிவப்புத் துண்டால் புதுப் பெயின்ட் சுவரில் கோபுரம் எழுப்பிவிட்டது. அதைச் சுரண்டி எடுத்து அச்சில் ஊற்றுவது எப்படி என்பது அடுத்த வீடியோ.