சிரட்டைக் குதிரைகள்

1984இல் சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டருக்கு ஆச்சி தைத்த பூப்போட்ட உறை ஒன்று இருந்தது. சித்தப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்த நேஷனல் பானசோனிக் அது. ஒற்றை ஒலிபெருக்கி, கேசட் மூடியை ஒட்டி ஒரு சின்ன ஓட்டைக்குள் மைக். தொட வேண்டுமென்றால் பெரியப்பாவிடம் கேட்க வேண்டும். ஏழாம் வகுப்பில் நான், எட்டாம் வகுப்பில் அத்தை மகன், ஆறாம் வகுப்பில் தங்கையும் அவள் சேக்காளியும். நால்வரும் வரிசையாகப் போய் நிற்போம். "பேட்டரி யாரு வாங்கித் தருவா?" என்பார். அத்தான்தான் பதில் சொல்வான்: "கரண்டு இருக்கும்போதே முடிச்சிருதோம் மாமா."

அன்று கருவியைக் கையில் வாங்கப் பிள்ளைகள் பெரியவர்களிடம் கெஞ்சினோம். இன்று பிள்ளைகள் கையிலிருக்கும் கருவியைத் திரும்ப வாங்கப் பெரியவர்கள் கெஞ்சுகிறார்கள். அன்றைய பெட்டியைவிடப் பல மடங்கு திறன் கொண்டது இன்றைய போன். ஆனால் அந்தப் பெட்டியில் நாங்கள் ஒரு நாடகத்தைத் தொடங்கி முடித்தோம். போனில் நாள் முழுக்க எடுத்தும் முடிந்தது என்று காட்ட எதுவும் இல்லாமல் நிற்கும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். இது ஏன் என்று நெடுநாளாக யோசித்துவருகிறேன்.

நாடகம் என்பது எங்களுக்கு முதலில் காதுக்கான பொருளாகத்தான் அறிமுகமானது. கோயில் கொடைவிழா என்றால் குழாய் ஒலிபெருக்கி கட்டி, 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' கதைவசன ரெக்கார்டுகளைப் போடுவார்கள். 1959இலும் 1965இலும் வந்த அந்தப் படங்களைத் திரையில் பார்ப்பதற்கு முன்பே வசனம் மனப்பாடம். வானொலியில் ஒலிச்சித்திரம் வரும். தென்மாவட்டங்களில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும், பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பை அத்தான் அப்படியே பேசிக் காட்டுவான். ஒரு குரல் தாழ்ந்தால் அறை இருட்டாகிறது, செருப்புச் சத்தம் நெருங்கினால் யாரோ வருகிறார்கள் என்பதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கேட்டுக் கேட்டே தெரிந்துகொண்டோம்.

பதிவு நடக்கும் இடம் அரங்குவீடு. நெல்மூட்டைகளும் ஜமுக்காளங்களும் அடைந்து கிடக்கும் உள்ளறை. அங்கே பேசினால் எதிரொலி இல்லை; மூட்டைகள் சத்தத்தை வாங்கிக்கொள்ளும். சி-60 கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். முதல் சில விநாடிகள் ஓடுவது ஒலி பதியாத வெற்று நாடா என்பதால், எண்காட்டி நகர்ந்து சிறிது தூரம் போனபிறகே அத்தான் கையசைப்பான். வெட்டி ஒட்டுவது கிடையாது. நடுவில் ஒருவர் உளறினால் பின்னோக்கிச் சுற்றி, காட்சியின் தொடக்கத்திலிருந்து மறுபடியும். அதனால் பொத்தானை அழுத்தும் முன் பலமுறை பேசிப் பார்ப்போம்.

ராஜா மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில். மந்திரி இரண்டு எட்டு தள்ளி. காவலன் வாசல்படியிலிருந்து கூவிக்கொண்டே உள்ளே வர வேண்டும். ஒலிக் கலவை என்று இன்று ஸ்டுடியோவில் செய்வதை நாங்கள் நடந்து செய்தோம். முறத்தில் பச்சரிசியைச் சாய்த்தால் மழை. கிழிந்த எண்ணெய்த் தகரத்தை உதறினால் இடி. மிட்டாய்ப் பெட்டியைச் சுற்றிவந்த கண்ணாடித்தாளைக் கசக்கினால் தீ. இரண்டு சிரட்டைகள் குதிரை. சிமெண்டுத் தரையில் தட்டினால் அரண்மனை முற்றம், மண்ணில் தட்டினால் காட்டுவழி. இடிக்குப் பிறகு பேசுகிறவரின் முதல் சொற்கள் அமுங்கிப் போவதையும் கண்டுபிடித்தோம். பெரிய சத்தம் வந்ததும் பெட்டி தானாகவே பதிவின் அளவைக் குறைத்துவிடும். பழைய நிலைக்கு வரச் சற்று நேரம் பிடிக்கும். காரணம் அப்போது தெரியாது. இடி முழங்கியபின் மூன்று எண்ணிவிட்டுப் பேச வேண்டும் என்ற விதி மட்டும் வைத்துக்கொண்டோம். அந்த விதி இன்றும் செல்லும்: போனின் ஒலிப்பதிவும் பெரும்பாலும் அப்படித்தான் அளவைச் சரிசெய்துகொள்கிறது.

ஒருமுறை கரண்டு போய், பழைய பேட்டரியில் மிச்சத்தைப் பதிந்தோம். மறுநாள் போட்டுக் கேட்டபோது ராஜசபையே கீச்சுக் குரலில் பேசியது. பதியும்போது நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. சரியான வேகத்தில் ஓடும்போது குரல்கள் உயர்ந்துவிட்டன. இயற்பியல் வகுப்புக்கு முன்பே அதிர்வெண் எங்களுக்குக் காதுவழியாகப் புரிந்தது.

இவற்றைவிட முக்கியமாக நான் நினைப்பது வேறு. அந்த இருட்டறையில் எங்கள் முகம் யாருக்கும் தேவைப்படவில்லை. அத்தானுக்கு அந்த வருடம்தான் குரல் உடைந்தது. வகுப்பில் வாய் திறந்தால் சிரிப்பார்கள் என்று பேசுவதையே குறைத்திருந்தான். அரங்குவீட்டில் அந்த உடைந்த குரல் வேதாளத்துக்குப் பொருந்தியது. தங்கையின் சேக்காளி வீட்டில் பெண்பிள்ளை சத்தம் போட்டுச் சிரித்தாலே அதட்டுவார்கள். அவள் ராட்சசனாகி நெல்மூட்டைமேல் ஏறி நின்று சிரித்தது, தெருவில் போனவர்களை நின்று கேட்க வைத்தது.

பதினொன்று முதல் பதின்மூன்று வரை உள்ள வயது அப்படிப்பட்டது. உடம்பு மாறுகிறது, பரு வருகிறது, எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று தோன்றுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டில் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2020 மார்ச்சில் மூடிய பள்ளி 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. அந்த மாதங்களில் இணையவழி வகுப்பு நடந்த வீடுகளில் ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்: வீடியோவை ஆன் பண்ணுங்கள். பல பிள்ளைகள் பண்ணவில்லை. சோம்பல் என்று திட்டினோம். அது சோம்பலாக மட்டும் இருந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு விடுமுறைக்கு வரும் தம்பி மகளுக்குப் பன்னிரண்டு வயது. போனைக் கையில் எடுத்ததும் முன்பக்கக் கேமரா. "ஹாய் காய்ஸ்" என்று தொடங்குவாள். பார்ப்பாள், அழிப்பாள். முடியை ஒதுக்கிக்கொண்டு மறுபடியும். அவள் சொல்ல வந்தது என்ன என்பது இரண்டாம் தடவையிலேயே மறந்துபோகும். திரையில் தெரிவது முகம் மட்டும். சாயங்காலம் எதுவும் மிஞ்சாது. எங்களுக்கு அழிப்பது செலவு, நேரம், பெரியப்பாவின் கோபம். அவளுக்கு அது ஒரு விரல் அசைவு. அவள் திறமையில் குறை ஒன்றும் இல்லை. அந்த வயதுப் பிள்ளையின் முகத்தின் எதிரே ஓயாமல் ஒரு கண்ணாடியை நிறுத்திவிட்டு, கதை சொல் என்கிறோம்.

ஆகவே என் வீட்டில் கூடும் பிள்ளைகளுக்கு முதல் வேலை எப்போதும் ஒலி. போன் விமானப் பயன்முறையில்; அழைப்பும் குறுஞ்செய்தியும் நுழையக் கூடாது. இப்போது அரங்குவீடு இல்லை. பீரோவின் இரு கதவுகளையும் திறந்து, தொங்கும் சேலைகளைப் பார்த்துப் பேசச் சொல்வேன். அல்லது தலைக்குமேல் போர்வை. மின்விசிறியை நிறுத்த வேண்டும். போன் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில். நேராகப் பிடித்தால் ப வரும் இடமெல்லாம் காற்று மோதிப் பட்பட்டென்று வெடிக்கும். மொத்தம் நான்கு நிமிடம், அதற்குமேல் கிடையாது. ஒவ்வொரு காட்சிக்கும் ஒத்திகை எத்தனை வேண்டுமானாலும் பார்க்கலாம், பதிவு மூன்று தடவைதான். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். இந்த விதியை முதலில் வெறுத்தார்கள். பிறகு அதைக் கண்டிப்பாகக் காப்பாற்றியவர்களும் அவர்களே.

பேச்சே இல்லாத பதிவு ஒன்றில் தொடங்குவது நல்லது. விடிகாலை ஐந்து முதல் எட்டு வரை வீட்டின் சத்தங்களை மட்டும் சேர்த்து இரண்டு நிமிடம். வாளியில் தண்ணீர் விழுவது, வாசல் தெளிப்பது, பால் பாக்கெட்டைக் கத்தரிப்பது, தோசைக்கல்லில் சட்டுவம் உரசுவது, மாவு கிரைண்டர். ஆறாம் வகுப்புப் படிக்கும் எதிர்வீட்டுப் பையன் இதற்காக அலாரம் வைத்து எழுந்தான். கோலமாவு விழும் சத்தத்தைப் பிடிக்க முடியவில்லை என்று அவனுக்கு வருத்தம். கடைசியில் அட்டைத்தாளில் ரவையைத் தூவி அந்த இடத்தை நிரப்பினான். உண்மையான சத்தம் பதிவாகாத இடத்தில் பொய்ச் சத்தம் உண்மையாகக் கேட்கும் என்பதை அவனே கண்டுகொண்டான்.

தொகுப்பதற்கு, அவன் அக்காவுக்கு அரசு தந்த மடிக்கணினி இருந்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை, மெதுவாக ஓடினாலும் இதற்குப் போதும். ஆடாசிட்டி இலவச மென்பொருள். அதில் ஒலி அலையாகத் தெரிகிறது: கத்தினால் மேடு, கிசுகிசுத்தால் சின்ன நெளிவு, மௌனம் நேர்க்கோடு. ஒரு வரிசையில் பேச்சு, அடுத்த வரிசையில் மழை, மழையைக் கொஞ்சம் இறக்கு என்பதெல்லாம் ஒரு மதியத்தில் கைவந்துவிடுகிறது. எங்கள் காலத்தில் இது கனவிலும் இல்லாத வசதி. இதை நான் மனமார வரவேற்கிறேன்.

போன கோடையில் அவர்கள் எடுத்துக்கொண்டது எட்டாம் வகுப்புப் பாடத்தில் வரும் கட்டபொம்மன். 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சன் அவரை மூன்று மணி நேரம் நிற்க வைத்த சந்திப்பு. கட்டபொம்மனாக நடித்த பையன் சிவாஜியைப் போலவே முழங்கினான். அரங்குவீட்டில் நாங்களும் அப்படித்தான் முழங்கினோம். எங்களுக்கு வேறு கட்டபொம்மனைத் தெரியாது. நான் ஒன்று மட்டும் கேட்டேன்: மூன்று மணி நேரம் நின்றவர் எப்படிப் பேசுவார்? அவன் நின்று பார்க்கப் போனான். முழு மூன்று மணி இல்லை. ஆனால் வெயிலில், மொட்டைமாடியில், நெடுநேரம். இறங்கி வந்து பேசியபோது குரல் வறண்டு, தணிந்திருந்தது. சொற்களுக்கு நடுவே மூச்சு கேட்டது. திரும்பவும் முழங்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த வருடம் அக்டோபரில் கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டார்கள் என்று தம்பி மகள் வாசிக்கும் வரி அதன்பின் வருகிறது. கயத்தாறு எங்களுக்குப் பேருந்தில் போய்வரும் தூரம். அங்கே வீசும் காற்றைப் போய்ப் பதிந்து வந்து அந்த வரிக்குக் கீழே போட்டார்கள்.

படம் வேண்டாம் என்பதல்ல. ஒலிவேலை ஒன்றை முடித்த பிள்ளை கேமராவைத் தன்னை நோக்கித் திருப்புவதில்லை. கையை நோக்கி, பொருளை நோக்கித் திருப்புகிறது. புளியமுத்துகள் பல்லாங்குழியிலிருந்து தாமாகவே இறங்கி ஊர்வலம் போவதாக ஒரு படம் எடுத்தார்கள். ஒரு விநாடிக்கு 12 படம், அரை நிமிடத்துக்கு 360. ஒவ்வொரு படத்துக்கும் முத்துகளை ஒரு நூல் அளவு நகர்த்த வேண்டும். போனைப் பாடப்புத்தகங்களை அடுக்கி அசையாமல் நிறுத்தி, திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் மேகம் கடக்கும்போதெல்லாம் படம் மினுக்கும். பொத்தானைத் தொட்டாலே போன் ஆடும். பல போன்களில் ஒயர் இயர்போனின் ஒலிப் பொத்தானே படமும் எடுக்கும் என்பது இங்கே பெரிய உதவி.

வேட்டியைக் கட்டி, பின்னால் டார்ச் வைத்து, அட்டைப் பொம்மைகளால் நிழல்கதையும் செய்யலாம். குமரி மாவட்டத்தில் தோல்பாவைக் கூத்து நடத்தும் மராத்தி பேசும் குடும்பங்களில், திரைக்குப் பின்னால் அமர்ந்த ஒருவரே ராமனாகவும் ராவணனாகவும் கோமாளி உச்சிக்குடும்பனாகவும் பேசிவிடுவார். முகம் மறைந்த இடத்தில் ஒரு மனிதருக்கு எத்தனை குரல்கள் கிடைக்கின்றன என்பதற்கு அவர்களைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

இவற்றில் எதையும் நாங்கள் இணையத்தில் ஏற்றுவதில்லை. யூடியூபில் சொந்தக் கணக்குக்கே 13 வயது ஆக வேண்டும். அதைவிட, எண்ணிக்கை பார்க்கும் பழக்கம் வந்தால் அடுத்த கதை கெட்டுவிடும் என்பது என் கவலை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கேட்காமலே கட்டைவிரலைத் தூக்கிவிடுகிறார்கள். 1984இல் கேசட்டைப் போட்டால் ஆச்சி முதல் பெரியப்பா வரை முற்றத்தில் உட்கார்ந்து முழுப் பக்கமும் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு இன்று கருவி தாராளமாகக் கிடைக்கிறது; கேட்க ஆள் கிடைப்பதில்லை. அதனால் கட்டபொம்மன் முடிந்ததும் பெற்றோரை வீட்டுக்கு அழைத்து, போன்களைக் கூடை ஒன்றில் வாங்கி வைத்துவிட்டு, புளூடூத் ஒலிபெருக்கியில் போட்டோம். நான்கு நிமிடம் யாரும் பேசக் கூடாது.

ராமநாதபுரத் தெருவில் நின்று அந்தச் சந்திப்பைப் பார்த்த கிழவி ஒருத்திதான் கதையைச் சொல்கிறாள். பிள்ளைகள் உருவாக்கிய பாத்திரம். முடிந்ததும் எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"அக்கா, அந்தப் பாட்டி குரல் நல்லாருக்கே. யாரு, உங்க அம்மாவா?"

"நான்தாம்ப்பா" என்றான் அவர் மகன்.

அவர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு, "இன்னொரு தரம் போடு" என்றார். பையனுக்கு அது காதில் ஏறவில்லை. இரண்டாவது நிமிடத்தில் பின்னால் குக்கர் விசில் ஒன்று கேட்கிறது, 1798இல் ஏது குக்கர், அதை வெட்டியே ஆக வேண்டும் என்று தம்பி மகளோடு சண்டையில் இருந்தான்.