உதட்டைக் காட்டு சாமி!

வா கண்ணு, உட்காரு. வால்பாறைக்கு வந்ததும் வராததுமாப் பவளப்பாம்பைப் பார்த்துட்டியாமே! போனைக் காட்டு. அடடே, நல்லாத்தான் எடுத்திருக்கே. பாம்பு பாதி, உன்ற கட்டைவெரல் பாதி.

எதை வெச்சுப் பவளம்னு முடிவு கட்டுனே? அடிவயிறு செவப்பா? பலே! அதுக்கு அடிவயிறு செவப்புதான். ஆனா இதே ஆனைமலையில, மண்ணுக்குள்ள கெடக்குற கேடயவால் பாம்புலயும் ஒரு சாதி மேல கருஞ்செவப்பு, அடியில நல்ல செவப்பு. வெசமே கிடையாது. மொட்டை வாலைப் பார்த்தாத்தான் ஆள் யாருன்னு தெரியும். நீ வாலை விட்டுட்டு வெறும் வயித்தைப் படம் புடிச்சிருக்கே.

பவளத்தோட முதுகைப் பார்க்கலாமுன்னா அது இன்னும் கூத்து. ஒரே சாதிதான். ஒண்ணு கரேல்னு இருக்கும், ஒண்ணு சாம்பல் பூத்தாப்ல, இன்னொண்ணு செம்பழுப்பு. முதுகு நெடுக மூணு கோடு ஓடும், அஞ்சும் ஓடும். சிலதுல கோடு அறுந்து வெறும் புள்ளியாக் கெடக்கும். பங்காளிங்க பத்துப் பேரும் பத்து நெறத்துல வேட்டி கட்டிட்டு வந்து நின்னா, புதுசா வந்த மருமக என்ன பண்ணுவா?

1862ல இந்தப் பவளத்துக்குப் பேர் வெச்ச குந்தர் தொரை லண்டன் மியூசியத்துல வேலை பார்த்தவரு. அங்க வந்து சேர்ற பாம்பெல்லாம் சாராயப் புட்டியில ஊறுனது. அதுல செவப்பு எங்க நிக்கும்? அதனால அந்தக் கூட்டம் நெறத்தை விட்டுட்டுச் செதிலை எண்ணும். பொறவு வந்த ஃபிராங்க் வால்னு ஒரு பட்டாள டாக்டர் சுளுவா ஒரு வழி சொன்னாரு: மேலுதட்டுல மூணாவது செதில் மூக்குச் செதிலையும் தொட்டு, கண்ணையும் தொட்டா, அது ஒண்ணு நாகமா இருக்கும், இல்லை பவளமா இருக்கும்.

வழி என்னமோ நல்ல வழிதான். உசுரோட கெடக்குறதுகிட்டப் போயி, "சித்தெ உதட்டைக் காட்டு சாமி"ன்னு கேட்டுப் பாரேன். பாவம், கூச்ச சுபாவம். சருகுக்கடியில, கல்லுக்கடியில கெடக்கும், தானா வம்புக்கு வராது. ஆனா கடிச்சு வெச்சா? நம்மூரு ஆசுபத்திரி வெசமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்குத்தான். உன்ற பவளம் அந்தப் பட்டியல்லயே இல்லை.

எட்ட நின்னு, தலையிலிருந்து வால் வரைக்கும் எடு கண்ணு. இல்லை, உதட்டுச் செதிலைப் பார்த்தே தீருவேன்னா, போறதுக்கு முன்னாடி அந்தப் போனை இங்க வெச்சுட்டுப் போ. என்ற போன்ல பட்டன் அமுங்கறதே இல்லை.