அலுவலக ஷேர் திறவாமை: பரபக்கமும் சுபக்கமும்

1. ஆய்வின் தேவை

வருமான வரிக் கணக்குக்குக் கெடு நெருங்கும் ஜூலைக் கடைசியில், ஆடிட்டர் அலுவலகங்களில் ஒரு குரல் தவறாமல் எழும்: “ஷேர் ஓபன் ஆகல.” அது அடங்குமுன் எல்லா மேசைகளிலிருந்தும் இன்னொரு குரல் எழும்: “நான் ஒண்ணுமே பண்ணல.” முதற்கூற்றை ஆராய்ந்தோர் பலர். இரண்டாம் கூற்றைப் பொய்யென்றே எல்லோரும் தள்ளிவிட்டனர். அது பெரும்பாலும் மெய்யே என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. எல்லையும் வரையறையும்

ஒரே ரவுட்டரை நம்பி வாழும், டொமைன் என்னும் பேரரசுக்கு உட்படாத விண்டோஸ் கணினிகளே ஆய்வின் எல்லை. இவற்றுள் ‘சர்வர்’ எனப்படுவது மற்றவற்றைவிட வேகமான கணினி அன்று. “அணைக்காதீர்கள்” என்று காகிதம் ஒட்டிய கணினி. ‘ஷேர்’ எனப்படுவது அதனுள் டேலி தரவும் கட்சிக்காரர் கோப்புகளும் குடியிருக்கும் ஃபோல்டர். ‘திறவாமை’ எனப்படுவது, மேலே பச்சைக்கோடு ஊர்ந்து ஊர்ந்து கடைசியில் 0x80070035 என்ற எண்ணாக முடியும் நிலை. நெட்வொர்க் பாதை காணப்படவில்லை என்பது அவ்வெண்ணின் பொருள்.

3. வரலாறு

கணினிகள் கோப்பைப் பகிர்ந்துகொள்ளப் பேசும் எஸ்எம்பி நெறிமுறைக்கு 1983ஆம் ஆண்டு ஐபிஎம்மில் அடித்தளம் இட்டவர் பாரி ஃபைகன்பாம். 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், கணினிகளுக்கு இடையே ஓடும் தரவுப் பொதிகளை ஒட்டுக்கேட்டே இவ்வகைப் பேச்சைப் புரிந்துகொண்டு, பிற்காலத்தில் சாம்பா எனப் பெயர்பெற்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். பக்கத்து மேசைக்காரர் நேற்று என்ன செய்தார் என்பதை ஒட்டுக்கேட்டும் அறிய முடியாத நம் அலுவலகங்களுக்கு இச்சாதனையின் அருமை விளங்கும்.

2017 மே மாதம் வான்னாக்ரை என்னும் தீநிரல், எஸ்எம்பியின் முதற்பதிப்பில் இருந்த ஓட்டை வழியே உலகெங்கும் பரவிற்று. அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது, போட்டவர் பிழைத்தார். அவ்வாண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பு, புதிதாக நிறுவும் கணினிகளில் அந்த முதற்பதிப்பைத் தானாகத் தருவதை நிறுத்தியது. அதை மட்டுமே அறிந்த பழைய ஜெராக்ஸ் மெஷின்கள், ஸ்கேன் செய்ததைப் புதுக் கணினியின் ஃபோல்டரில் போட வழியின்றி ஊமையாயின. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, ப்ரோ கணினிகளிலிருந்து பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்ட்டாக இன்னொரு ஷேருக்குள் நுழையும் பழக்கத்தையும் அடைத்தது. இவ்விரண்டு நாள்களிலும் அலுவலகத்தில் எவரும் ஒன்றும் செய்யவில்லை என்பதை ஆய்வுலகம் குறித்துக்கொள்க.

4. பரபக்கம்

பிறர் மதத்தை மறுத்த பின்னரே தன் மதத்தை நாட்டுவது அருணந்தி சிவாச்சாரியார் காட்டிய நெறி. ஆதலின் முதலில் பிறர் மதம்.

ரீஸ்டார்ட்வாதி: “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” என்பது இவருடைய ஒரே சூத்திரம். இது சிலவேளை பலிப்பதை மறுப்பதற்கில்லை. ஒரே சர்வருக்குள் ஒரே சமயத்தில் இரண்டு யூசர் பெயர்களில் நுழைய விண்டோஸ் விடாது. பழைய இணைப்பு கிடந்தால் 1219 என்ற எண்ணைக் காட்டித் தடுக்கும். ரீஸ்டார்ட் செய்தால் அது அறுபடும். ‘நெட் யூஸ்’ கட்டளையாலும் அறுக்கலாம் என்பதை இவர் அறியார். அறியாமல் வென்றவர் மறுவாரமும் அழைக்கப்படுவார்.

ஃபயர்வால்வாதி: ஃபயர்வாலை முழுதும் அணைத்துவிட்டு “இப்ப பாருங்க” என்பார். திறக்கும். ஆனால் ஷேருக்கு வேண்டியது பைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் விதிக்கு மட்டும் அனுமதி. அது செல்லும் வாசல் டிசிபி 445. வான்னாக்ரை நுழைந்ததும் அதே வாசல் என்பதால் இம்மதம் தள்ளத்தக்கது.

எவ்ரிஒன்வாதி: ஷேரிங் பக்கத்தில் எவ்ரிஒன்னுக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுப்பார், திறக்காது. செக்யூரிட்டி பக்கத்திலும் வேறோர் அனுமதிப் பட்டியல் உண்டு, இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும் என்பதைப் பிறகு அறிந்து, அங்கும் அதையே கொடுப்பார், திறக்கும். புதிதாக வந்த ஆர்ட்டிக்கிள் பையன் போன வருடத்து ஃபோல்டரை அழிக்கும்வரை இவரே அலுவலகத்தின் நாயகர். நெட்வொர்க் வழியே அழித்த கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை.

பென்டிரைவ்வாதி: வாதத்தில் இவரை வென்றவர் இலர். எல்லோரும் சண்டையிட்டுக் கொண்டிருக்கையில் எழுந்து போய்க் கோப்பை எடுத்து வந்துவிடுவார். மாலையில் ஒரே பேலன்ஸ் ஷீட் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் கரெக்ட்’ என மும்மூர்த்தியாக விளங்கும். கையெழுத்து எதில் என்ற வினாவுக்கு இம்மதத்தில் விடையில்லை.

5. சுபக்கம்

இனி நம் மதம். கேள்விகள் நான்கு, வரிசை மாறலாகாது.

முதலாவது, பாதை உண்டா? ஐபி எண் 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் எண் தரவில்லை என்று பொருள்; ஃபோல்டரைத் திட்டிப் பயனில்லை. கெஸ்ட் வைஃபையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் மற்றக் கணினிகள் எட்டா. அற்றேல், பிங் ஆகாவிடில் பாதையில்லை எனக் கொள்ளலாமே எனின், அற்றன்று. ஃபயர்வால் பிங்கை மட்டும் விழுங்கிவிட்டுச் சும்மா இருப்பதுண்டு. மேலும், புது ரவுட்டர் மாட்டினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் எனக் கருதி, பப்ளிக் என்று குறித்துவிடக்கூடும். பப்ளிக் என்றால் ஷேரிங் அடைபடும். அதை ப்ரைவேட் ஆக்குக.

இரண்டாவது, பெயர் தெரிகிறதா? சர்வரின் பெயரால் திறக்காதது ஐபி எண்ணால் திறந்தால், ஃபோல்டரும் அனுமதியும் குற்றமற்றவை, பெயர்தான் வழிதவறிற்று. பழைய நெட்பயாஸ் முறையில் கணினிப் பெயருக்கு 15 எழுத்தே இடம் என்பதால், நீண்ட பெயர் வாலிழக்கும். நெட்வொர்க் பக்கத்தில் கணினி தெரியாததும் கணினி இல்லாததும் ஒன்றல்ல. எண்ணால் திறந்து பழகியவரோ, ரவுட்டர் என்றாவது எண்ணை மாற்றித் தரும்போது மாட்டிக்கொள்வார். சர்வருக்கு ரவுட்டரிலேயே ஓர் எண்ணை ஒதுக்கி வைப்பதே தீர்வு.

மூன்றாவது, கேட்பவர் யார்? கண்ணீர் மிகுதியாகச் சிந்தப்படும் இடம் இது. தினமும் காலையில் தட்டும் நாலிலக்கப் பின், அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது; நெட்வொர்க்கில் செல்லாது. அங்கே செல்வது சர்வரில் உள்ள யூசர் பெயரும் அதன் பாஸ்வேர்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கு எனின், அதைக் கொண்டு நெட்வொர்க் வழி நுழைய விண்டோஸ் இயல்பாகவே விடாது. பழைய பாஸ்வேர்டு கிரெடென்ஷியல் மேனேஜரில் உறைந்திருந்தால், அதையே திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டிருக்கும். அதை முதலில் அழிக்க வேண்டும்.

நான்காவது, அவருக்கு அனுமதி உண்டா? ஷேரிங், செக்யூரிட்டி என்னும் இரு பக்கங்களையும் இப்போதுதான் பார்க்க வேண்டும். பரபக்கத்தார் தொடங்கும் இடமே நமக்கு முடியும் இடம்.

6. முடிபு

ரவுட்டர் எண்ணை மாற்றும், அப்டேட் வாசலை அடைக்கும், விண்டோஸ் நெட்வொர்க்கைப் பப்ளிக் ஆக்கும். ஆகவே “நான் ஒண்ணுமே பண்ணல” என்பது வாய்மையே என்று தீர்ப்பளிக்கிறோம். எவ்ரிஒன்னுக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தவருக்கு மட்டும் இத்தீர்ப்பு பொருந்தாது. அவர் இன்று மாலை வீட்டுக்குக் கிளம்புமுன் அதை எடுத்துவிட்டு, ஆளுக்கொரு யூசரும் பாஸ்வேர்டும் சர்வரில் உண்டாக்கி, டேலி ஃபோல்டரை ஒருமுறை பேக்கப் எடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.