பாடசாலை வேற்றுமையியல்

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளை உய்விக்க வருவோரை இதுவரை இரண்டு விதமாகவே வகுத்திருக்கிறார்கள். கனடாக்காரர், லண்டன்காரர், கொழும்பு அமைச்சு என்று இடம் பார்த்து வகுத்தது ஒன்று. கணினி தருவோர், கட்டடம் தருவோர், கொப்பி தருவோர் என்று பொருள் பார்த்து வகுத்தது மற்றது. இரண்டும் பிழை. ரொறன்ரோவிலிருந்து வந்த கணினியும் அமைச்சு அனுப்பிய கணினியும் ஒரே அலுமாரிக்குள் ஒரே தூசியோடு கிடக்கும்போது அவற்றை இருவகை என்பது நூற்குற்றம். ஆகவே இச்சிறுநூல் வேற்றுமையை அளவுகோலாகக் கொள்கிறது.

அளவுகோலும் ஊர்ச் சொத்துத்தான். வேற்றுமை சொல்லும் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு 1868இல் பதிப்பித்தவர் சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை, அதைப் பரிசோதித்துக் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். முன்னவர் படித்தது அமெரிக்க மிஷன் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியில். பின்னவர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, மறு ஆண்டே சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்தார். தொழில்நுட்பம், கூட்டாண்மை என்று இன்று விடுதி மண்டபத்தில் கருத்தரங்கு வைப்போர் இவற்றைத் தாங்கள் கண்டுபிடித்ததாக எண்ண வேண்டாம்.

முதல் வேற்றுமை எழுவாய். கையளிப்பு நிகழ்வின் அழைப்பிதழில் பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என மூன்று எழுவாய் வரும். இரண்டாவது 'ஐ'. பிள்ளைகள் எப்போதும் இங்கேதான் நிற்பார்கள். பிள்ளைகளை முன்னேற்றுவோம், பிள்ளைகளை ஊக்குவிப்போம் என்பார்களே தவிர, பிள்ளைகள் எதையாவது செய்ததாக ஓர் அறிக்கையிலும் காணோம். மூன்றாவதைப் பிறகு பார்ப்போம். முறை மாறுவதைப் புலவர் பொறுத்தருள்க.

நான்காவது 'கு'. பொருள் கொடை. யாழ்ப்பாணத்தில் மிகுதியாக வழங்குவது இதுவே. இதற்கு நூற்பா:

கேட்டது கொடுத்தலும் கேளாது கொடுத்தலும்
பூட்டி வைத்தலும் நான்கன் பொருளே.

கேட்டது கொடுத்தல் அருகியே வரும். கழிப்பறை கேட்ட பாடசாலைக்குத் திறன் பலகை வருவதும், ஆங்கில ஆசிரியர் கேட்ட பாடசாலைக்குத் திறன் பலகை வருவதும் கேளாது கொடுத்தல். பூட்டி வைத்தலுக்கு உதாரணம், கடற்கரையை அண்டிய ஒரு நகரப் பாடசாலை. திறன் வகுப்பறை என்று பெயர் எழுதிய அறையைக் காட்டச் சாவி தேடினார்கள். சாவி கணினி ஆசிரியரிடம் இருந்தது. அவர் இடமாற்றத்தில் போகும்போது பிரதி அதிபரிடம் கொடுத்தார். பிரதி அதிபரோ வலயத்தில் கூட்டம் என்று போயிருந்தார். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு கதவு திறந்தது. பலகைக்கு மேசைவிரிப்பு ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். எழுதும் பேனை இல்லை. உப்புக் காற்றில் மின்செருகியின் பித்தளை பச்சை பிடித்திருந்தது. பொருட்பதிவேடு மட்டும் பிசகில்லாமல் இருந்தது: பலகை ஒன்று, எறிவி ஒன்று, பேனை இரண்டு. அதிபரைக் குறை சொல்லிப் பயனில்லை. பொருள் தொலைந்தால் கணக்காய்வில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பிள்ளை படிக்கவில்லை என்பதற்காக எந்தக் கணக்காய்வாளரும் அவரைக் கேட்டதில்லை. பூட்டு அங்கே தொங்குவதற்கு நியாயம் உண்டு. மாத முடிவில் மின்கட்டணச் சிட்டையும் அவருடைய மேசைக்குத்தான் வரும்.

ஐந்தாவது நீங்கல். இதன் உட்பிரிவுகள் கணக்கில. கொடையாளர் நீங்கல்: 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியை, மதமாற்றப் பயன் போதவில்லை, ஆங்கிலம் மிகுந்துவிட்டது என்று கருதி மிஷன் 1855இல் மூடியது. அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி எழப் பதினேழு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. முகாமையாளர் நீங்கல்: 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது நடந்தது. திட்டம் நீங்கல்: 2012இல் ஆயிரம் இடைநிலைப் பாடசாலைத் திட்டமும் மகிந்தோதய ஆய்வுகூடமும் வந்தன. 2015இல் ஆட்சி மாறியது. அருகிலுள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை என்றார்கள். அதுவும் மாறி, ஆயிரம் தேசிய பாடசாலைகள் என்றார்கள். திட்டங்கள் நீங்கின, பெயர்ப்பலகைகள் நீங்கவில்லை. எல்லாவற்றிலும் கொடியது மாணவர் நீங்கல். அதைச் சொல்ல ஆறாவதற்குப் போகவேண்டும்.

ஆறாவது கிழமை, அதாவது உடைமை. சாத்தனது கை என்பது தற்கிழமை, சாத்தனது பசு என்பது பிறிதின்கிழமை என்று பள்ளியில் படித்திருப்போம். அன்பளிப்புக் கணினியில் தந்தையார் ஞாபகார்த்தமாக என்று ஒட்டியிருக்கும்வரை அது பாடசாலைக்குப் பிறிதின்கிழமை. பிள்ளை அதில் கற்றுக்கொண்டது மட்டுமே தற்கிழமை. இதுவல்ல சிக்கல். பழைய மாணவர் யாருடைய உடைமை என்பதே சிக்கல்.

அமைச்சு பாடசாலைகளை 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்று பிரித்து வைத்திருக்கிறது. உயர்தர விஞ்ஞானம் உள்ளது 1ஏபி. தரம் 11 உடன் நிற்பது வகை 2. மீனவர் குடியிருப்பிலிருந்தும் நகரத்து ஒழுங்கைகளிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு வாய்ப்பது பெரும்பாலும் இந்த வகை 2. அங்கே கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இருந்தால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் அதைப் பெரிய கல்லூரிக்குக் கொண்டுபோகும். தப்பி நின்றால் சாதாரண தரம் கொண்டுபோகும். பிறகு அந்தப் பிள்ளை பொறியியலாளராகி மெல்பேணில் இருந்துகொண்டு எந்தப் பாடசாலைக்குக் காசு அனுப்பும்? உயர்தரம் படித்த கல்லூரிக்கு. பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளையும் இராப்போசனமும் அந்தக் கல்லூரிக்கே. சென்ற் ஜோன்ஸும் மத்திய கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் வடக்கின் பெருஞ்சமருக்கு விமானம் ஏறி வருகிறார்கள். பத்தாண்டு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்த பாடசாலைக்கு அப்படி ஓர் ஆட்டம் இல்லை. ஆகவே உதவி, உதவி குறைவாகத் தேவைப்படும் இடத்துக்கே போய்ச் சேர்கிறது. நலிந்த பாடசாலை நலிவது சோம்பலால் அல்ல. அதன் பழைய மாணவரெல்லாம் வேறொருவருடைய பழைய மாணவராகப் பதிவாகிவிட்டார்கள்.

ஏழாவது இடம். வாகனம் போகும் வீதியோரப் பாடசாலைக்குக் கொடை பலமுறை வரும். குறிகட்டுவானில் படகேறிப் போகவேண்டிய நெடுந்தீவுக்கு எப்போதாவது வரும். இதற்கு மேல் உரை வேண்டியதில்லை.

விட்டுவைத்த மூன்றாவதற்கு வருவோம். அதன் உருபுகளுள் இரண்டு நமக்குப் போதும்: கருவிக்கு 'ஆல்', உடனிகழ்ச்சிக்கு 'ஒடு'. தொழில்நுட்பம் 'ஆல்', கூட்டாண்மை 'ஒடு'. 'ஆல்' மட்டும் போதும் என்று நம்பியவர்கள் வெளியிலும் உண்டு. 2006இல் பிலடெல்பியாவில் மைக்ரோசொப்ட் துணையோடு எதிர்காலப் பள்ளி என்ற பெயரிலேயே ஒன்றைத் திறந்தார்கள். பாடப்புத்தகத்தின் இடத்தில் மடிக்கணினி வந்தது. சில ஆண்டுகளுக்குள் அதிபர்கள் அடுத்தடுத்து மாறினார்கள். பெறுபேறு எதிர்பார்த்தபடி உயரவில்லை. 2011இல் நியூயோர்க் புரூக்ளினில் ஐபிஎம் நிறுவனமும் நகரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கிய பி-டெக் பள்ளி வேறு வழி போனது. பிள்ளைகள் அங்கே ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆறு ஆண்டு படிக்கலாம். நிறுவனத்தில் வேலை செய்வோர் வழிகாட்டிகளாக உடனிருப்பார்கள். அது 'ஒடு'.

யாழ்ப்பாணத்துக்கு 'ஒடு' அந்நியமல்ல. போர் நடந்த தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் கிடைப்பதரிது. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டுப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். கருவி அவ்வளவுதான், ஆசிரியர் கூட இருந்தார். இன்று யாழ் ஐடி ஹப் என்ற அமைப்பு நடத்தும் கீக் சேலஞ்ச் போட்டியில் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. துறையில் வேலை செய்பவர்கள் குழுக்களோடு இருந்து வழிகாட்டுகிறார்கள். தொண்டர் ஆசிரியர் ஒருவரின் மாதக் கொடுப்பனவைப் பொறுப்பேற்பதும் 'ஒடு'வில் அடங்கும். நாடா வெட்ட முடியாத உதவி என்பதால் இதற்குப் படமில்லை, செய்தியுமில்லை.

எட்டாவது விளி. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் அண்ணாமாரே, அக்காமாரே! உயர்தரம் படித்த கல்லூரியை ஒருமுறை விட்டுவிடுங்கள். அதற்குப் போதிய ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கு முன் படித்த பாடசாலையின் அதிபருக்கு இந்த மாதம் ஒரு கோல் எடுங்கள். என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். மின்கட்டணம் என்று சொன்னால் அதைக் கட்டுங்கள். கணித ஆசிரியர் இல்லை என்று சொன்னால் ஒருவருக்கு மூன்று வருடத்துக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். நிகழ்வு வைக்க வேண்டாம் என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.