சத்தத்தைக் கேட்டே சொன்ன மாமாவுக்கு

மிச்சிகன்
அக்டோபர் கடைசி

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் நலம். இப்போது காரும் நலம். "போன்ல நீ சொல்றது ஒண்ணும் வெளங்கல, வண்டி எப்படிக் கெளம்புச்சுன்னு வெவரமா எழுதி அனுப்பு, பட்டறைப் பசங்களுக்குப் படிச்சுக் காட்டணும்" என்றீர்கள். படிக்கும்போது பணக்கணக்கு வருகிற இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். அத்தை காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் அது சின்னசேலம் வரைக்கும் போய்விடும்.

டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் வேலை கிடைத்தது என்று நான் சொன்னபோது, "காரைப் பெத்த ஊருடா அது" என்று சந்தோஷப்பட்டீர்கள். பெறாவிட்டாலும் வளர்த்தது உண்மைதான். ஃபோர்டு 1913-ல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் வண்டியை நகரவிட்டுக்கொண்டே பூட்டுகிற முறையைக் கொண்டுவந்தது இங்கேதான். நாம் செல்ஃப் என்கிறோமே, கைப்பிடி போட்டுச் சுற்றாமல் மோட்டாரால் கிளப்புகிற ஏற்பாடு, அதைக் கெட்டரிங் என்ற ஓஹாயோக்காரர் செய்து கொடுத்து 1912 மாடல் காடிலாக்கில் பொருத்தினார்கள். அதுவும் டெட்ராய்ட் கம்பெனி. (நம் கிணற்றடி ஆயில் என்ஜின் கைப்பிடி திருப்பியடித்து உங்கள் மணிக்கட்டு வீங்கியது இதற்கெல்லாம் எத்தனையோ வருஷம் கழித்து. கெட்டரிங் நம் கொல்லைவரை வந்து சேரவில்லை.) ஆனால் வளர்த்த ஊரில் வைத்தியம் பார்க்கக் கேட்கிற கூலி இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

வண்டி நிற்கிற இடத்தில் தரையெல்லாம் எண்ணெய்த் திட்டு. ஒரு மெக்கானிக் கடையில் காட்டினேன். டைமிங் கவரில் கசிவு என்றார்கள். என்ஜினுக்கு முன்னால் செயினை மூடியிருக்கிற அலுமினிய மூடி, அவ்வளவுதான். அதை ஒட்டவைக்கிற பேஸ்ட் காய்ந்து விட்டுப்போயிருக்கிறது. நீங்கள் பட்டறையில் அனபாண்ட் என்று ஒரு டியூபைப் பிதுக்குவீர்களே, அதே ஜாதி. டியூப் சில டாலர். வேலைக்கு எவ்வளவு என்றேன். 3,000 டாலர் என்றார்கள். (இங்கேதான் குரலைத் தாழ்த்த வேண்டும்.) ரூபாயில் இரண்டரை லட்சத்துக்கு மேல். அந்தக் காசுக்கு நீங்கள் ஒரு பழைய ஜீப்பே வாங்கி, வெள்ளிமலைக்கு ஒரு நடை போய்ப் பலாப்பழமும் ஏற்றிக்கொண்டு இறங்கியிருப்பீர்கள்.

அவர்கள்மேலும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. அந்த மூடியைத் தொட வேண்டுமென்றால் என்ஜின் மவுண்டிங்கைக் கழற்ற வேண்டும், பெல்ட், கிராங்க் புல்லி, வாட்டர் பம்ப், மேலே வால்வு கவர்கள், கீழே ஆயில் சம்ப் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஆறு சிலிண்டர் என்ஜினைக் குறுக்குவாட்டில் வைத்து, சுவருக்கும் அதற்கும் நடுவே கைவிட இடம் விடாமல் செய்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. இங்கே மணிக்கணக்கில் கூலி. ஒவ்வொரு நட்டும் மீட்டரோடுதான் கழலும்.

இந்த நேரத்தில்தான் ஆபீஸ் நண்பர் குண்டூர்க்காரர், "நாமே செய்துவிடலாம்" என்றார். பகலில் கம்ப்யூட்டர், ராத்திரியில் யூடியூப் பார்த்து மெக்கானிக் ஆனவர். அவருக்குத் தெரிந்த தமிழிலும் எனக்குத் தெரிந்த தெலுங்கிலும் பேசிக்கொள்வோம், அதாவது பெரும்பாலும் இங்கிலீஷில். இந்த ஊரில் இப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆசையால் கொஞ்சம், கூலி பயத்தால் மிச்சம்.

ஒரு நல்ல விஷயம் சொல்லியாக வேண்டும். பெரிய பெரிய கருவிகளையெல்லாம் பார்ட்ஸ் கடையிலேயே கடனாகக் கொடுக்கிறார்கள். முழு விலையை முன்பணமாகக் கட்டிவிட்டு எடுத்துவரலாம், வேலை முடிந்து திருப்பிக் கொடுத்தால் பணம் முழுசும் கைக்கு வந்துவிடும். உங்கள் பானா செட்டை இரவல் வாங்கிப்போன ஆசாமி இன்னும் அதைத் திருப்பித் தரவில்லை என்று போன மாதம்கூடப் புலம்பினீர்கள். அந்த ஆளுக்கு இந்தத் திட்டத்தைச் சொல்லுங்கள்.

ஆயுத பூஜைக்குள் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தது. ஆயுத பூஜையன்று வண்டி வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது. வீட்டில் அவள், "அதுக்காகப் பொட்டு வைக்காம விட முடியுமா?" என்று கழற்றிவைத்த புல்லி, வாட்டர் பம்ப், என் லேப்டாப் எல்லாவற்றுக்கும் வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். குண்டூர்க்காரர் செயினைத் தொடுமுன் அடையாளம் வைக்கப் பெயின்ட் கேட்டார். இல்லையென்றதும் அவளுடைய சிவப்பு நெயில் பாலிஷை வாங்கிப் பல்சக்கரங்களில் வைத்தார். எது குங்குமம், எது டைமிங் மார்க் என்று கொஞ்ச நேரம் எங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பூட்டி முடித்தோம். பேஸ்ட் காய விட்டோம். எண்ணெய் ஊற்றினோம். டயரடியில் எலுமிச்சம்பழம். சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. வண்டி பிடிக்கவில்லை.

வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "தள்ளிப் பாருடா" என்றாள். கல்வராயன் மலையில் நீங்கள் ஜீப்பை எப்போதும் இறக்கம் பார்த்தே நிறுத்துவதை அம்மாவும் பார்த்திருக்கிறாள் அல்லவா. பேட்டரி செத்தாலும் இரண்டாவது கியரில் போட்டு உருட்டி கிளட்ச்சை விட்டால் கரியாலூர் வளைவுக்குள் என்ஜின் பிடித்துவிடும். இங்கே முதல் சங்கடம், ஊரே தட்டையாக இருக்கிறது. இரண்டாவது, இது ஆட்டோமேட்டிக். கியர் பெட்டிக்கு எண்ணெய் அழுத்தம் கொடுக்கிற பம்பை ஓட்டுவதே என்ஜின்தான். என்ஜின் ஓடாமல் கியர் பிடிக்காது, கியர் பிடிக்காமல் சக்கரம் என்ஜினைச் சுற்றாது. கச்சிராயபாளையத்திலிருந்து ஆள் கூட்டிவந்து தள்ளினாலும் வண்டி கோமுகி அணைவரை போகுமே தவிர ஸ்டார்ட் ஆகாது.

குண்டூர்க்காரர் முகம் வெளுத்துவிட்டது. "செயின் ஒரு பல் தள்ளிப்போயிருக்கும், எல்லாவற்றையும் திரும்பப் பிரிக்க வேண்டும்" என்றார். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும், அந்தக் கணக்கைக் காப்பாற்றுவது செயின். கணக்கு ரொம்பத் தப்பினால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும், அப்புறம் என்ஜின் காயலான் கடைக்கு. பயந்தது நியாயம்தான். அப்போதுதான் செல்ஃப் சுற்றுகிற சத்தத்தைப் பதிவுசெய்து உங்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.

உங்கள் பதிலை அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறேன். பின்னால் யாரோ தகரம் தட்டுகிறார்கள், நடுவே ஒரு பஸ் ஹாரன், அதற்கும் நடுவே நீங்கள்: "கம்ப்ரசன் நல்லாத்தான்டா இருக்கு. வுட்டு வுட்டுச் சுத்துது பாரு. செயினு போயிருந்தா ஒரே இழுப்பா ஊளையிடும். செயினத் தொடாத. கடைசியா எதெதக் கழட்டி மாட்டுனீங்களோ அதுலேருந்து பாரு."

குண்டூர்க்காரர் நம்பவில்லை. கடலுக்கு அப்பாலிருந்து போனில் கேட்டு எப்படிச் சொல்ல முடியும் என்றார். ஆனாலும் பிரிப்பதைத் தள்ளிப்போட்டார். பார்ட்ஸ் கடைக்குப் போய்க் கோளாறு படிக்கிற கருவியை வாங்கி வந்தோம். நம் கார் படுத்துவிட்டதால் அவர் காரில்தான் போனோம். கார் இல்லாமல் காருக்குச் சாமான் வாங்கப் போக முடியாத ஊர் இது, டவுன் பஸ், ஷேர் ஆட்டோ என்ற பேச்சே கிடையாது. 1996-லிருந்து இங்கே விற்கிற எல்லாக் கார்களிலும் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரே மாதிரி ஒரு துளை இருக்க வேண்டும் என்று சட்டம். அதில் கருவியைச் செருகினால் வண்டி தன் வியாதியை நம்பரில் சொல்லும். எங்கள் வண்டி சொன்னது பி-0335. கிராங்க் சென்சார் சர்க்யூட்.

பசங்களுக்கு இந்த இடத்தை இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள். கிராங்க் முனையில் ஒரு பல்சக்கரம். 36 பல் இருக்க வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே 2 பல் விட்டிருப்பார்கள். பக்கத்தில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு சென்சார். அந்தப் பொக்கை தன்னைக் கடக்கும்போதெல்லாம் அது கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்லும்: பிஸ்டன் இப்போது இந்த இடத்தில் இருக்கிறது என்று. சேதி வந்தால்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலும் தெளிக்கும், பொறியும் கொடுக்கும். கண்டக்டர் விசில் அடிக்காமல் டவுன் பஸ் நகருமா? டீசல் இருக்கும், டிரைவர் இருப்பார், பஸ் நிற்கும். உங்கள் டீசல் ஜீப்புக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. டீசலும் காற்றும் அழுத்தமும் இருந்தால் யாரையும் கேட்காமல் ஓடும்.

குண்டூர்க்காரர் நம்பரைப் பார்த்ததும் சென்சார் போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார். வண்டி அசையவில்லை. சர்க்யூட் என்று போட்டிருந்ததை அவர் சென்சார் என்று மட்டும் படித்திருக்கிறார்.

பக்கத்து வீட்டுத் தாத்தா இத்தனை நாளும் இலை கூட்டுகிற சாக்கில் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். என்ஜின் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். நாமாகக் கூப்பிடாமல் வாசல்படி ஏறுவது இங்கே வழக்கமில்லை, அதனால் பாவம், இல்லாத இலையைக்கூடக் கூட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் நான் கையைக் காட்டினேன். துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தார். ஒரே கேள்விதான் கேட்டார்: "செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் எழும்புகிறதா?"

பார்த்தோம். செல்ஃப் சுற்றும்போது 200 பக்கமாவது முள் லேசாக எழும்ப வேண்டுமாம். எங்கள் முள் படுத்த படுக்கை. கிராங்க் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். தாத்தா குனிந்து, சென்சாரை விட்டுவிட்டு அதில் மாட்டுகிற கனெக்டரைப் பிடுங்கி டார்ச் அடித்தார். உள்ளே இரண்டு பின். ஒன்று பூட்டும்போது மாட்டிய வேகத்தில் பின்னுக்குத் தள்ளிப்போய்க் குழிக்குள் ஒளிந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கனெக்டர் சமத்தாகத்தான் உட்கார்ந்திருந்தது. மெல்லிய கம்பியால் பின்னை முன்னுக்குக் கொண்டுவந்து, சொடக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தினார். சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.

உடனே பானெட்டுக்குள்ளிருந்து புகை. வீட்டில் அவள் கையில் வாளியோடு ஓடி வந்துவிட்டாள். வேலை செய்யும்போது சைலன்சர் குழாயில் சிந்திய எண்ணெய் காய்கிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்று தாத்தா கையமர்த்தினார். நின்றது. வாளியை என்ன செய்வதென்று தெரியாமல் ரோஜாச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போனாள்.

பிறகு உங்கள் குரல் பதிவைத் தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். தமிழ் ஒரு சொல் தெரியாது, ஆனாலும் கடைசிவரை கேட்டார். "என்ன சொல்கிறார்?" என்றார். சொன்னேன். "சத்தத்தை வைத்தா? எந்த ஊர்?" என்றார். போனில் வரைபடம் காட்டினேன். 2019 நவம்பர்வரை விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சியே தனி மாவட்டம் என்றேன். அவருக்கு அது தேவையில்லாத தகவல், எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பச்சையாகத் தெரிந்த கல்வராயன் மலையை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இந்த மேட்டில் என்ன வண்டி ஓட்டுகிறார்?" என்று கேட்டார். ஜீப்பைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. குண்டூர்க்காரர் மட்டும் பதிவைத் தனக்கும் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார், இன்னும் காரணம் சொல்லவில்லை.

தாத்தா காசு வாங்க மாட்டேன் என்றார். போன தடவை வரும்போது கொண்டுவந்த நம்மூர் மரச்சிற்பப் பிள்ளையாரைக் கொடுத்தேன். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன், அது தேவையான தகவல். தன் கருவிப் பெட்டியின் தலையில் பிள்ளையாரை உட்காரவைத்திருக்கிறார்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஜீப் விடியற்காலையில், என்ஜின் சில்லிட்டிருக்கும்போது ஸ்டார்ட் ஆகிற சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டுமாம். தாத்தா கேட்டுவிட்டு அதன் உடல்நிலையைச் சொல்லப்போகிறாராம். அவர் ஏதாவது குறை சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பதிவு செய்கிற அன்று பட்டறையில் தகரம் தட்டுகிறவரைக் கொஞ்சம் டீக்கடைக்கு அனுப்பிவிடுங்கள், போன தடவை அந்தச் சத்தத்தை என் என்ஜின் சத்தம் என்று நினைத்து அரைமணி நேரம் பயந்துகொண்டிருந்தேன்.

அத்தைக்கும் அம்மாவுக்கும் என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்