உலகப் போட்டியில் ஜெயிக்க ஒரு திருநாவலூர் வழி

நாட்டின் போட்டித்திறனை உயர்த்த நினைப்பவர் முதலில் திருச்சி சாலையோரம் இடம் பார்க்கவும். உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் பார்த்தாயிற்று. 2023 ஏப்ரலில் தைவானின் பௌ சென் குழுமத்தோடு தமிழ்நாடு அரசு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது: 2,302 கோடி ரூபாய், 20,000 வேலை, தோல் அல்லாத காலணி. கையெழுத்தானதும் கோப்புகளை மாற்றிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். இந்த ஒரு துறையில் நம்மை எந்த நாடும் நெருங்க முடியாது.

அடுத்து, பக்கத்திலிருக்கும் திருநாவலூருக்குப் போய்ச் சுந்தரரைக் கும்பிடவும். பக்தி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒப்பந்தச் சட்டம் படிக்கலாம். சுந்தரரின் கல்யாணப் பந்தலில் சிவன் ஒரு கிழவராக ஓலையோடு வந்து, 'உன் பாட்டன் எழுதிக் கொடுத்தது, நீ எனக்கு அடிமை' என்றார். மாப்பிள்ளை பிடுங்கிக் கிழித்தார். கிழிந்தது படியோலை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருந்தது. ஷூவின் மூல ஓலையும் அப்படித்தான், வேறிடத்தில் இருக்கிறது. என்ன மாடல், எத்தனை ஜோடி, என்ன விலை என்பதைப் பிராண்டுக்காரர் முடிவு செய்வார். பௌ சென்னுக்கு வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் ஆலைகள் உண்டு. ஆர்டர் எங்கே போகும் என்று தைக்கிற பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை.

கூலியைக் குறைத்து வைத்தால் போதும் என்பது பழைய வழிகாட்டி. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டது, வியட்நாமுக்கு 20. கூலியே வாங்காமல் தைத்துக் கொடுத்திருந்தாலும் அந்த இடைவெளி அடைந்திருக்குமா?

இனி முக்கியப் பயிற்சி. சுந்தரர் திருமுதுகுன்றத்தில் சிவனிடம் வாங்கிய 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். லாரி வாடகை இல்லை, டோல்கேட் இல்லை. இதை நாம் பின்பற்ற இயலாது. ஆனால் போடுமுன் ஒரு துண்டை மச்சமாக, அதாவது மாதிரியாக, வெட்டி வைத்துக்கொண்டாரே, அதைப் பின்பற்றலாம். எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்தார், மாற்றுக் குறைந்தது. கொடுத்தவர் கடவுளாயிற்றே என்று கூச்சப்படாமல், சரியாகும்வரை பாடித் தீர்த்தார்.

முதலீட்டாளரிடமும் மச்சம் கேட்டு வைக்கவும். வடிவமைப்பு வேலை இங்கே உண்டா? சோலும் அச்சும் எங்கே செய்வீர்கள்? எங்கள் பெண்கள் சூப்பர்வைசருக்கு மேலே போவார்களா? கேட்டால் கோபித்துக்கொண்டு ஆந்திராவுக்குப் போய்விடுவார்கள் என்று பயமாக இருக்கிறதா? 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் 1,720 கோடிக்குக் கையெழுத்துப் போட்ட கொரியாவின் ஹ்வாசங் நிறுவனம், நவம்பரில் ஆந்திராவின் குப்பத்துக்குப் போவதாகச் செய்தி வந்தது. அவர்களிடம் யாரும் மச்சம் கேட்டதாகத் தகவல் இல்லை.